அணுக்கருவில் எத்தனை புரோட்டான், எத்தனை நியூட்ரான்? கணக்கிடும் முழு வழி

சில வாரங்களுக்கு முன் ஒரு சனிக்கிழமை. டர்பன் சாட்ஸ்வொர்த்தில் தமிழ் வகுப்பு முடிந்து பாயைச் சுருட்டிக்கொண்டிருந்தபோது, 10ஆம் வகுப்புப் படிக்கும் பிள்ளை ஒருத்தி அறிவியல் பயிற்சித்தாளோடு வந்தாள். "ஆன்ட்டி, இது சரியான்னு பாருங்க" என்றாள். வெள்ளி அணுவில் எத்தனை நியூட்ரான் என்பது கேள்வி. தனிம அட்டவணையில் வெள்ளிக்கு 47 என்றும் 108 என்றும் இருக்கிறது. 108இல் 47 போக 61 என்று எழுதியிருந்தாள். பின்பக்க விடையும் 61தான்.

கழித்தலில் ஒரு குறையும் இல்லை. ஆனால் அவள் காலில் கிடந்த வெள்ளிக் கொலுசில் 61 நியூட்ரான் உள்ள அணுவைத் தேடினால் கிடைக்காது. சுரங்கத்திலிருந்து வரும் வெள்ளியில் 60 நியூட்ரான் உள்ள அணுக்கள் இருக்கின்றன, 62 உள்ளவை இருக்கின்றன. நடுவில் உள்ள 61 இல்லை. இதைச் சொன்னதும் அவள் முகம் போன போக்கைப் பார்த்து, மறுபடி பாயை விரித்து உட்கார்ந்தோம். ஒரு மணி நேரத்துக்கு மேல் பேசினோம். அன்று சொன்னதையும், நேரமில்லாமல் விட்டதையும் சேர்த்து இங்கே எழுதுகிறேன். இங்கே டர்பனிலும் ஜோகன்னஸ்பர்க்கிலும் பிள்ளைகளுக்குச் சொல்லித் தரும் பெற்றோருக்கும், தமிழிலேயே இதைப் புரிந்துகொள்ள விரும்பும் யாருக்கும் இது உதவும்.

முதல் படி: அணுவுக்குள் யார் யார்

அணுவின் நடுவில் அணுக்கரு இருக்கிறது. அதில் நேர் மின்சுமை உள்ள புரோட்டான்களும், மின்சுமையே இல்லாத நியூட்ரான்களும் நெருக்கிக்கொண்டு கிடக்கின்றன. வெளியே எதிர் மின்சுமை உள்ள எலக்ட்ரான்கள். ஒரு புரோட்டானின் நிறை, எலக்ட்ரானின் நிறையைப்போல் ஏறத்தாழ 1836 மடங்கு. நியூட்ரான் புரோட்டானைவிட ஒரு துளி கனம் அதிகம். ஆக, அணுவின் எடை என்று நாம் சொல்வது முழுக்க முழுக்க அணுக்கருவின் எடைதான் என்று வைத்துக்கொண்டால் பெரிய பிழை வராது.

அளவைப் பற்றி ஒரு வார்த்தை. ஒரு தங்க அணுவை இங்குள்ள கிங்ஸ்மீட் கிரிக்கெட் மைதானம் அளவுக்குப் பெரிதாக்கினால், அதன் அணுக்கரு ஆடுகளத்தின் நடுவே வைத்த ஒரு மக்காச்சோள மணி அளவுதான் இருக்கும். மைதானத்தின் எடை அத்தனையும் அந்த ஒரு மணிக்குள் இருக்கிறது என்று நினைத்துப் பாருங்கள். நாம் எண்ணப்போவது அந்த மணிக்குள் இருப்பதைத்தான்.

இரண்டாம் படி: புரோட்டானை எண்ணுவது

இதுதான் மிக எளிது. தனிம அட்டவணையில் அந்தத் தனிமத்தின் அணு எண் என்னவோ, அதுவே புரோட்டான்களின் எண்ணிக்கை. தங்கத்துக்கு 79, செம்புக்கு 29, கார்பனுக்கு 6. விதிவிலக்கு கிடையாது. ஏனென்றால் தனிமத்தின் பெயரையே தீர்மானிப்பது புரோட்டான்தான். 79 புரோட்டான் இருந்தால் அது தங்கம். ஒன்று குறைந்து 78 ஆனால் அது பிளாட்டினம், ஒன்று கூடி 80 ஆனால் பாதரசம். நியூட்ரான் கூடினாலும் குறைந்தாலும் பெயர் மாறாது.

ஆனால் தென்னாப்பிரிக்கப் பிள்ளைகள் இந்த எளிய இடத்திலேயே தடுக்கி விழுவதைப் பலமுறை பார்த்திருக்கிறேன். காரணம், இங்கே தேர்வில் தரும் அட்டவணையில் ஒவ்வொரு கட்டத்திலும் மூன்று எண்கள் இருக்கின்றன. குறியீட்டுக்கு மேலே இருப்பது அணு எண். கீழே இருப்பது தோராயமான ஒப்பு அணு நிறை. இடப்பக்கம் சின்னதாக ஒன்று இருக்கும், செம்புக்கு 1,9 என்பதுபோல. அது எலக்ட்ரான் கவர்தன்மை. வேதிப் பிணைப்பு பாடத்துக்கு வேண்டியது, அணுக்கருவுக்கும் அதற்கும் தொடர்பில்லை. அதைக் கையால் மறைத்துக்கொண்டு பார்க்கச் சொல்லுங்கள். இன்னொன்று, இந்த நாட்டில் தசமப் புள்ளிக்குக் காற்புள்ளிதான் போடுவார்கள். 63,5 என்றிருந்தால் அறுபத்து மூன்றரை என்று படிக்க வேண்டும். ஊரிலிருந்து புதிதாக வந்த பிள்ளைகள் அதை இரண்டு தனி எண்களாக எடுத்துக்கொள்கிறார்கள்.

அணு எண் என்பது வெறும் வரிசை எண் அல்ல என்பதைப் பிள்ளைகளுக்குக் கட்டாயம் சொல்ல வேண்டும் என்பேன். தொடக்கத்தில் தனிமங்களை எடை வாரியாகத்தான் அடுக்கினார்கள். அப்படி அடுக்கும்போது சில இடங்களில் இடித்தது. ஆர்கானின் அணு நிறை 39.95, பொட்டாசியத்தின் அணு நிறை 39.10. எடைப்படி பார்த்தால் பொட்டாசியம் முன்னால் வர வேண்டும். ஆனால் அப்படி வைத்தால், தண்ணீரில் போட்டதும் பற்றி எரியும் பொட்டாசியம், எதோடும் சேராத வாயுக்களின் வரிசையில் போய் உட்கார்ந்துவிடும். கோபால்ட்டும் நிக்கலும், டெலூரியமும் அயோடினும் இதே சிக்கல்.

1913இல் ஹென்றி மோஸ்லி என்ற இளைஞர் இதைத் தீர்த்தார். ஒவ்வொரு தனிமமாக எடுத்து, அதிலிருந்து வரும் எக்ஸ் கதிரின் அதிர்வெண்ணை அளந்தார். அந்த அதிர்வெண்ணின் வர்க்கமூலம் தனிமத்துக்குத் தனிமம் ஒரே அளவாகப் படி ஏறியது. படிக்கு ஒரு மின்சுமை. அதாவது அணுக்கருவின் நேர் மின்சுமையையே அவர் எண்ணிவிட்டார். ஆர்கான் 18, பொட்டாசியம் 19 என்பது அதன்பின் சந்தேகமில்லாமல் நிலைத்தது. 43ஆம் எண்ணில் ஒரு படி காலியாக இருப்பதையும் அந்த வரிசை காட்டியது. இந்த 43ஐ நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் இந்த நாட்டுக் கதையிலேயே அது வரப்போகிறது. மோஸ்லி 1915இல் கலிப்போலிப் போரில் 27 வயதில் கொல்லப்பட்டார். அவர் வேலையைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு மனம் கனத்துப்போகும்.

மூன்றாம் படி: நிறை எண்ணைத் தேடுவது

புரோட்டான்களையும் நியூட்ரான்களையும் சேர்த்து எண்ணினால் வருவது நிறை எண். இரண்டு முழு எண்களின் கூட்டல் என்பதால் இதுவும் முழு எண்தான். இதில் அரை, கால் எதுவும் வர வழியில்லை. 35.5 என்று ஒரு நிறை எண் இருக்கவே முடியாது.

நிறை எண் எங்கே கிடைக்கும்? தனிமத்தின் பெயருக்குப் பின்னால் கோடு போட்டு எழுதியிருக்கும். யுரேனியம்-235 என்றால் நிறை எண் 235. அல்லது குறியீட்டின் இடப்பக்க மேல் மூலையில் சிறிதாக எழுதியிருக்கும். அதன் கீழ் மூலையில் அணு எண் இருக்கும். அல்லது கேள்வியிலேயே சொல்லியிருப்பார்கள். இந்த மூன்று வழியும் இல்லையென்றால் நிறை எண் உங்கள் கையில் இல்லை. அட்டவணையில் கட்டத்தின் அடியில் இருக்கும் எண் நிறை எண் அல்ல. கொலுசுக் கணக்கு தடம் புரண்ட இடம் இதுதான். ஐந்தாம் படியில் இதை விரிவாகப் பார்ப்போம்.

நான்காம் படி: கழித்தல்

நிறை எண்ணிலிருந்து அணு எண்ணைக் கழித்தால் நியூட்ரான்களின் எண்ணிக்கை. அவ்வளவுதான்.

தங்கத்தில் தொடங்கலாம், 1886இல் விட்வாட்டர்ஸ்ராண்டில் தங்கம் கண்டுபிடிக்கப்பட்டதால்தானே ஜோகன்னஸ்பர்க் என்ற ஊரே முளைத்தது. இயற்கையில் கிடைக்கும் தங்கம் ஒரே வகை, தங்கம்-197. 197இல் 79 போக 118. உங்கள் தாலியில் இருக்கும் தங்கத்திலும், க்ருகராண்ட் நாணயத்தில் இருக்கும் தங்கத்திலும், கோலாரில் வெட்டி எடுத்த தங்கத்திலும் ஒவ்வொரு அணுவுக்கும் 118 நியூட்ரான். மாங்கனீசும் அப்படித்தான். வடக்கு கேப் மாகாணத்தில் மலைபோல வெட்டி எடுக்கிறார்களே, அந்த மாங்கனீசு-55இல் 25 புரோட்டான், 30 நியூட்ரான். சோடியம்-23இல் 11, 12. அலுமினியம்-27இல் 13, 14. இப்படி இயற்கையில் ஒரே வகை அணுவாக மட்டும் கிடைக்கும் தனிமங்கள் இருபதுக்கு மேல் இருக்கின்றன. அவற்றுக்கு மட்டும் அட்டவணை எண்ணை முழுமைப்படுத்திக் கழித்தால் எப்போதும் சரியாக வரும்.

அடுத்து யுரேனியம். விட்வாட்டர்ஸ்ராண்டில் தங்கம் கிடைக்கும் அதே பாறையில் யுரேனியமும் கலந்திருக்கிறது. 1952 முதல் தங்கச் சுரங்கங்களிலேயே அதைத் தனியாகப் பிரித்தெடுத்தார்கள். அணு எண் 92. யுரேனியம்-238இல் 146 நியூட்ரான், யுரேனியம்-235இல் 143. பெயர் ஒன்று, வேதிக் குணம் ஒன்று, மூன்று நியூட்ரான் மட்டும் வித்தியாசம். ஒரே தனிமத்தின் இப்படிப்பட்ட வகைகளைத்தான் ஐசோடோப்புகள் என்கிறோம். இயற்கை யுரேனியத்தில் ஆயிரம் அணுவுக்கு ஏழுதான் 235 வகை. கேப் டவுனுக்கு வடக்கே கடலோரத்தில் இருக்கும் கூபர்க் அணுமின் நிலையம் ஓடுவது அந்த ஏழின் பலத்தில்தான். அந்த ஏழைச் சில மடங்கு கூட்டிச் செறிவூட்டிய பிறகே எரிபொருளாக உள்ளே வைக்கிறார்கள்.

ஐந்தாம் படி: அட்டவணை எண் மட்டும் இருந்தால்

இந்த இடத்தில் கொஞ்சம் நின்று நிதானமாகப் போக வேண்டும்.

நம் வீட்டுப் பூஜையறையில் பித்தளைக் குத்துவிளக்கு இருக்கிறது. பித்தளை என்பது செம்பும் துத்தநாகமும் கலந்தது. செம்பை எடுத்துக்கொள்வோம். அட்டவணையில் 63,5 என்று போட்டிருக்கிறது. முழுமைப்படுத்தினால் 64. அதில் 29 போக 35 நியூட்ரான். பல பிள்ளைகள் இப்படித்தான் எழுதுவார்கள். ஆனால் செம்பு-64 இயற்கையில் இல்லை. ஆய்வகத்தில் செய்யலாம், செய்தால் ஒரு நாளுக்குள்ளேயே பாதிக்கு மேல் சிதைந்துபோகும். விளக்கில் இருப்பவை செம்பு-63, செம்பு-65 என்ற இரண்டு மட்டுமே. முதலாவதில் 34 நியூட்ரான், இரண்டாவதில் 36.

அப்படியானால் 63,5 எங்கிருந்து வந்தது? ஒரு கூடையில் நூறு செம்பு அணுவை அள்ளினால், ஏறத்தாழ 69 அணுக்கள் 63 வகை, 31 அணுக்கள் 65 வகை. எல்லாவற்றின் எடையையும் கூட்டி நூறால் வகுத்தால்:

63 × 69 = 4347
65 × 31 = 2015
கூட்டினால் 6362. நூறால் வகுத்தால் 63.62.

துல்லியமான அட்டவணை எண் 63.546. கிட்டத்தட்ட வந்துவிட்டது. அந்தச் சின்ன வித்தியாசத்துக்கும் காரணம் உண்டு. செம்பு-63 அணு ஒன்றின் உண்மையான நிறை 63 அல்ல, 62.93. செம்பு-65இன் நிறை 64.93. புரோட்டான்களும் நியூட்ரான்களும் ஒன்றாகப் பிணையும்போது கொஞ்சம் நிறை ஆற்றலாக வெளியேறிவிடுகிறது. இந்த எண்களைப் போட்டுக் கணக்கிட்டால் சரியாக 63.55 வரும். பள்ளிக் கணக்குக்கு 63, 65 என்று எடுத்துக்கொண்டால் போதும்.

ஆக, அட்டவணையின் அடி எண் ஒரு கூட்டத்தின் சராசரி. நிறை எண் ஒரே ஒரு அணுவுக்கு உரியது. ஒரு வீட்டில் 40 வயது அம்மாவும் 10 வயது மகனும் இருந்தால் சராசரி வயது 25. அந்த வீட்டில் 25 வயதுக்காரர் யார் என்று கதவைத் தட்டிக் கேட்டால் என்ன பதில் கிடைக்கும்? அன்று அந்தப் பிள்ளைக்கு இந்த உதாரணம் சொன்னதும்தான் முகம் தெளிந்தது. "அப்ப 108 வீட்டிலேயே இல்லாத ஆளா?" என்று கேட்டாள். ஆமாம். இயற்கை வெள்ளியில் வெள்ளி-107 ஏறத்தாழ 52 சதவீதம், வெள்ளி-109 ஏறத்தாழ 48 சதவீதம். நடுவில் நின்று பார்த்தால் 108 என்று தோன்றும். உண்மையில் இருப்பவை 60 நியூட்ரானும் 62 நியூட்ரானும்.

துத்தநாகமும் இப்படியே ஏமாற்றும். அட்டவணை 65 என்கிறது. இயற்கைத் துத்தநாகத்தில் 64, 66, 67, 68, 70 இருக்கின்றன, 65 இல்லை. அணு எண் 30 என்பதால் நியூட்ரான்கள் முறையே 34, 36, 37, 38, 40. கிட்டத்தட்டப் பாதி அணுக்கள் 64 வகைதான். புரோமினுக்கு அட்டவணை 80 என்கிறது. இயற்கையில் 79உம் 81உம் ஏறத்தாழச் சரிபாதி.

எல்லா இடத்திலும் இப்படி ஆகாது. இரும்புக்கு 56 என்று எடுத்துக்கொண்டால் நூற்றுக்கு 92 அணுக்களுக்குப் பொருந்தும். 26 புரோட்டான், 30 நியூட்ரான். கார்பனுக்கு 12 என்றால் நூற்றுக்கு 99 சரி. அதனால் என் வழி இது: அட்டவணை எண் மட்டும் இருந்தால், அதை முழுமைப்படுத்திக் கழிப்பதற்கு முன் அந்தத் தனிமத்தின் ஐசோடோப்புப் பட்டியலைத் தேடிப் பாருங்கள். அது கைவசம் இல்லையென்றால் "சராசரியாக இத்தனை நியூட்ரான்" என்று சொல்லுங்கள். தேர்வில் கேள்வியே நிறை எண் 108 என்று கொடுத்துவிட்டால் 61 என்று எழுதி மதிப்பெண்ணை வாங்கிக்கொள்ள வேண்டியதுதான், கொடுத்த எண்ணுக்கு அதுதான் சரியான கழித்தல். கொலுசில் இருப்பது வேறு என்று மனதில் தெரிந்திருந்தால் போதும்.

சராசரியிலிருந்து பின்னோக்கிப் போவது

மேல் வகுப்புகளில் தலைகீழாகவும் கேட்பார்கள். குளோரினின் அணு நிறை 35,5. ஐசோடோப்புகள் 35, 37. எத்தனை சதவீதம் எது? நான் எண்கோடு போட்டுச் சொல்லித் தருவேன். 35க்கும் 37க்கும் நடுவில் இரண்டு அடி தூரம். 35.5 என்பது 35இலிருந்து அரை அடி தள்ளி இருக்கிறது. அரை அடி என்பது இரண்டு அடியில் கால் பங்கு. ஆகவே 37 வகை கால் பங்கு, 35 வகை முக்கால் பங்கு. 25 சதவீதம், 75 சதவீதம். சமன்பாடு போட்டும் இதே விடையைக் காணலாம், ஆனால் எண்கோட்டில் பார்த்த பிள்ளை சதவீதங்களை இடம் மாற்றி எழுதாது. சராசரி எந்தப் பக்கம் சாய்ந்திருக்கிறதோ அந்தப் பக்கத்து ஐசோடோப்புதான் அதிகம்.

நியூட்ரான் ஒன்று கூடினால் என்ன ஆகிவிடப்போகிறது?

இந்தக் கேள்வியைக் கேட்காத பிள்ளையே இல்லை. அதற்கு இந்த நேட்டால் மண்ணில் கரும்பைவிட நல்ல பதில் கிடையாது. 1860 நவம்பரில் மதராஸிலிருந்து ட்ரூரோ கப்பலில் வந்திறங்கிய நம் முன்னோர் வெட்டப்போனது அந்தக் கரும்பைத்தான்.

கார்பன்-12இல் 6 நியூட்ரான், கார்பன்-13இல் 7. காற்றில் இருக்கும் கார்பனில் நூற்றுக்கு ஒன்று சொச்சம் 13 வகை. செடிகள் காற்றிலிருந்து கார்பனை எடுக்கும்போது லேசான 12ஐயே விரும்பி எடுக்கின்றன. ஆனால் எல்லாச் செடியும் ஒரே மாதிரி விரும்புவதில்லை. கரும்பும் மக்காச்சோளமும் உணவு தயாரிக்கும் முறை வேறு. அவை 13ஐ அவ்வளவாக ஒதுக்குவதில்லை. தேனீக்கள் தேன் எடுக்கும் பூச்செடிகளில் பெரும்பாலானவை 13ஐ நன்றாக ஒதுக்குகின்றன. அதனால் கரும்புச் சர்க்கரையில் கார்பன்-13 சற்றே அதிகம், தேனில் குறைவு. தேனில் யாராவது சர்க்கரைப் பாகைக் கலந்தால் நாக்குக்குத் தெரியாது. அணுக்களை எடை வாரியாகப் பிரித்துக் காட்டும் நிறைமாலைமானி அந்த ஒரு நியூட்ரானை வைத்துக் கலப்படத்தைப் பிடித்துவிடும்.

8 நியூட்ரான் உள்ள கார்பன்-14 நிலையில்லாதது. 5730 ஆண்டுகளில் பாதி சிதையும். பழைய கரியையும் எலும்பையும் காலம் கணிக்க அது உதவுகிறது. ஆனால் ஜோகன்னஸ்பர்க் பக்கத்து ஸ்டெர்க்ஃபொன்டைன் குகையில் கிடைத்த 'லிட்டில் ஃபுட்' எலும்புக்கூட்டுக்கு அது போதாது, அவ்வளவு பழசு அது. அங்கே சுற்றியிருந்த பாறைப் படிவில் அலுமினியம்-26ஐயும் பெரிலியம்-10ஐயும் அளந்து, ஏறத்தாழ 36.7 லட்சம் ஆண்டு என்று 2015இல் கணித்தார்கள். அலுமினியம்-26இல் 13 புரோட்டான், 13 நியூட்ரான். சாதாரண அலுமினியத்தைவிட ஒரு நியூட்ரான் குறைவு, அதனாலேயே அது நிலைப்பதில்லை. பெரிலியம்-10இல் 4, 6.

ஆறாம் படி: அயனி வந்தால் பயப்படாதீர்கள்

குறியீட்டின் வலப்பக்க மேல் மூலையில் கூட்டல் குறியோ கழித்தல் குறியோ இருந்தால் அது அயனி. எலக்ட்ரான் போயிருக்கிறது அல்லது வந்திருக்கிறது. அணுக்கருவை அது தொடுவதே இல்லை. உப்பில் இருக்கும் சோடியம் அயனிக்கும் 11 புரோட்டான், 12 நியூட்ரான்தான். எலக்ட்ரான் மட்டும் 10. குளோரைடு அயனிக்கு 17 புரோட்டான், 18 எலக்ட்ரான். கூட்டல் குறியைப் பார்த்ததும் புரோட்டானைக் கூட்டிவிடும் பழக்கத்தை ஆரம்பத்திலேயே நிறுத்திவிடுங்கள்.

ஏழாம் படி: விடை பொருந்துகிறதா என்று பார்ப்பது

நியூட்ரான் எண்ணிக்கையைப் புரோட்டான் எண்ணிக்கையால் வகுத்துப் பாருங்கள். லேசான தனிமங்களில் அது ஒன்றை ஒட்டி இருக்கும். கார்பன்-12இல் 6க்கு 6. கால்சியம்-40இல் 20க்கு 20. இப்படிச் சரிசமமாக இருந்தும் நிலைத்து நிற்கும் அணுக்கருக்களில் கால்சியம்-40தான் மிகக் கனமானது. அதன்பின் நியூட்ரான் கூடிக்கொண்டே போக வேண்டும். புரோட்டான்கள் எல்லாம் நேர் மின்சுமை, ஒன்றையொன்று விலக்கும். அவற்றைக் கட்டிப்பிடித்து வைப்பது வலிய விசை, ஆனால் அது மிக அருகில் இருப்பவற்றை மட்டுமே பிடிக்கும். விலக்கு விசையோ அணுக்கரு முழுவதும் எட்டும். கூட்டம் பெருகப் பெருக, சண்டை போடாமல் பிடித்துவைக்க மட்டும் செய்யும் நியூட்ரான்கள் கூடுதலாக வேண்டியிருக்கிறது. தங்கத்தில் 118ஐ 79ஆல் வகுத்தால் ஏறத்தாழ 1.5. யுரேனியம்-238இல் 1.59.

அதனால் இயற்கையில் கிடைக்கும் ஒரு தனிமத்துக்கு உங்கள் விடை ஒன்றுக்குக் கீழேயோ 1.6க்கு மேலேயோ போனால், எங்கோ எண்ணை மாற்றிப் போட்டிருக்கிறீர்கள். நியூட்ரானே இல்லாத சாதாரண ஹைட்ரஜனும், ஒரே நியூட்ரான் உள்ள ஹீலியம்-3உம்தான் நிலையானவற்றில் இதற்கு விலக்கு.

எட்டாம் படி: அணுக்கருவே மாறும்போது

நிலையில்லாத அணுக்கரு தானாகச் சிதைவதுதான் கதிரியக்கம். அதில் கணக்கு மாறும், ஆனால் விதி இரண்டுதான். ஆல்பா என்ற துகள் வெளியேறினால் 2 புரோட்டானும் 2 நியூட்ரானும் போய்விடும். பீட்டா என்ற துகள் வெளியேறினால் ஒரு நியூட்ரான் புரோட்டானாக மாறிவிடும், மொத்தம் மாறாது.

பிரிட்டோரியாவுக்கு மேற்கே பெலிண்டாபாவில் சஃபாரி-1 என்ற ஆய்வு அணு உலை 1965 முதல் இயங்குகிறது. அங்கே மாலிப்டினம்-99 தயாரிக்கிறார்கள். 42 புரோட்டான், 57 நியூட்ரான். 66 மணி நேரத்தில் அதில் பாதி பீட்டா வெளியிட்டு மாறும். ஒரு நியூட்ரான் குறைந்து 56, ஒரு புரோட்டான் கூடி 43. மோஸ்லியின் வரிசையில் காலியாக இருந்த அதே 43! அந்தத் தனிமம் டெக்னீசியம், 1937இல்தான் அடையாளம் கண்டார்கள். அதன் எந்த ஐசோடோப்பும் நிலையானதல்ல என்பதால்தான் அவ்வளவு காலம் கையில் சிக்கவில்லை. இன்று மருத்துவமனையில் எலும்பையும் இதயத்தையும் படம் பிடிக்க ஊசியில் ஏற்றுவது, ஆறு மணி நேரத்தில் பாதியாகிவிடும் இந்த டெக்னீசியம்-99எம் என்ற வகையைத்தான். அவ்வளவு சீக்கிரம் கரைவதால் சேமித்து வைக்க முடியாது. மாலிப்டினத்தை வாரந்தோறும் விமானத்தில் அனுப்பி, மருத்துவமனையிலேயே அதிலிருந்து கறந்துகொள்கிறார்கள்.

கூபர்க்கில் நடப்பதையும் இதே எண்ணலால் சரிபார்க்கலாம். யுரேனியம்-235 ஒரு நியூட்ரானை விழுங்கிப் பிளக்கும் பல வழிகளில் ஒன்று: பேரியம்-141, கிரிப்டான்-92, மூன்று தனி நியூட்ரான்கள். புரோட்டான் 92, பேரியத்துக்கு 56, கிரிப்டானுக்கு 36, கூட்டினால் 92. நியூட்ரான் 143ஓடு விழுங்கிய ஒன்று, 144. பேரியத்தில் 85, கிரிப்டானில் 56, வெளியே 3. கூட்டினால் 144. ஒன்றுகூடத் தொலையவில்லை.

போட்டுப் பார்க்க இரண்டு கணக்கு

முதலாவது, ருஸ்டன்பர்க் பக்கம் வெட்டி எடுக்கும் பிளாட்டினம். அணு எண் 78, அட்டவணை எண் 195. நியூட்ரான் எத்தனை?

இரண்டாவது, விட்வாட்டர்ஸ்ராண்ட் பாறையில் கிடக்கும் யுரேனியம்-238 தொடர்ந்து சிதைந்துகொண்டே போய், மொத்தம் 8 ஆல்பாவும் 6 பீட்டாவும் வெளியிட்ட பிறகு ஓய்கிறது. எந்தத் தனிமத்தில், எத்தனை நியூட்ரானோடு?

பிளாட்டினத்துக்கு 117 என்று எழுதியிருந்தால் பாதி சரி. பிளாட்டினம்-195 உண்மையிலேயே இருக்கிறது, ஆனால் மூன்றில் ஒரு பங்குதான். ஏறக்குறைய அதே அளவு 116 நியூட்ரானோடு பிளாட்டினம்-194, கால் பங்கு 118 நியூட்ரானோடு பிளாட்டினம்-196, மிச்சம் கொஞ்சம் 190, 192, 198.

யுரேனியத்துக்கு: 8 ஆல்பாவில் 16 புரோட்டானும் 16 நியூட்ரானும் போகும். 92 என்பது 76 ஆகும், 146 என்பது 130 ஆகும். 6 பீட்டாவில் 6 நியூட்ரான்கள் புரோட்டானாக மாறும். புரோட்டான் 82, நியூட்ரான் 124. 82 என்றால் ஈயம். ஈயம்-206.